கடை வேலைக்குப் போகிறீர்களா? சம்பளத்துக்கு முன்னால் ஷட்டர் நேரத்தைக் கேளுங்கள்

கும்பகோணம் வட்டாரத்தில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நாமும் நாலு காசு பார்க்கலாமே என்று நினைக்கும் அம்மாவுக்கும் முதலில் கண்ணில் படுவது கடை வாசலில் ஒட்டியிருக்கும் ‘பில்லிங் வேலைக்குப் பெண்கள் தேவை’ நோட்டீஸ்தான். முன்பெல்லாம் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை. இப்போது தெருவுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட். நான் சுந்தரப்பெருமாள்கோவில் பக்கம். பேக்கிங், ரேக் அடுக்குவது, பில்லிங், அப்புறம் ஃப்ளோர் சூப்பர்வைசர் என்று கடை வேலையில் எல்லாப் படியும் ஏறி இறங்கியவள். எங்கள் தெருவில் யாராவது வேலைக்குக் கிளம்பினால், “அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ” என்று அனுப்பிவிடுகிறார்கள். வாயால் சொன்னது பாதி மறந்துபோகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். பையன்களுக்கும் இது பொருந்தும்; அவர்களுக்கு லோடு இறக்குவதும் டெலிவரியும் கூடச் சேரும், அவ்வளவுதான்.

முதல் கணக்கு

“எவ்வளவு தருவாங்க?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஷட்டரை எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்பதை அதற்கு முன்னால் கேளுங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் 9,000 ரூபாய் என்கிறார்கள். காலை 9.30-க்கு வர வேண்டும், இரவு 9.30-க்கு ஷட்டர், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. வேலை நேரம் 11 மணி. மாதம் 26 நாள் என்றால் 286 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 31 ரூபாய் சொச்சம். இன்னொரு கடையில் 8,500-தான் என்கிறார்கள். 10 மணியிலிருந்து 7 மணி வரை, சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரம். மாதம் 208 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 41 ரூபாய். ஐந்நூறு ரூபாய் குறைத்துச் சொன்ன கடைதான் உங்கள் உழைப்புக்குக் கூடத் தருகிறது.

இதில் பஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஏழு மணிக்கு வேலை முடிந்தால் காசு செலவில்லாமல் வீடு வந்து சேரலாம். ஒன்பதரைக்கு ஷட்டர் என்றால், கல்லா டேலி ஆகி நீங்கள் வெளியே வர பத்து ஆகிவிடும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் டவுன் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. ஒன்று ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் வீட்டிலிருந்து அண்ணனோ வீட்டுக்காரரோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் காத்துக்கிடக்க வேண்டும். அந்த பெட்ரோலும் உங்கள் சம்பளத்திலிருந்து போவதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கடையில் வேலை பார்ப்பவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் கொடுத்து வேலை வாங்கினாலும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. அந்த ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதாக இருந்தால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை.

மேலே சொன்ன 9,000 ரூபாய் கடையை இந்த அளவில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் கூடுதல். மாதம் 78 மணி நேரம். 9,000-ஐ 208-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கி, 78-ஆல் பெருக்கினால் 6,750 ரூபாய் வருகிறது. அதாவது கையில் வர வேண்டியது 15,750. அதுகூட, ஒரு நாளைக்கு 11 மணி நேரம் என்பதே சட்டத்துக்கு வெளியே என்பதைக் கணக்கில் எடுக்காமல்.

இதைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். “எந்தக் கடையில அக்கா குடுக்குறாங்க?” நான் பார்த்தவரைக்கும் கேட்காமல் எந்தக் கடையிலும் கொடுக்கவில்லை. ஆனாலும் இந்த 6,750-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லீவு கேட்கும்போது, சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்கும்போது, சம்பளம் கூட்டிக் கேட்கும்போது குரல் தானாக நிமிரும்.

குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று கடைகளுக்குத் தனியாக அரசு அறிவித்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படி சேர்ந்தது. விலைவாசிப் புள்ளியை வைத்து அந்தப் படி ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். தொழிலாளர் துறை இணையதளத்தில் ‘கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள்’ என்ற தலைப்பில் அந்த வருடத்துக்கான தொகை இருக்கும். விற்பனையாளர், கணக்கர், காவலாளி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். உங்கள் வேலை எந்த வரியில் வருகிறது என்று பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் முதலாளியிடம்

இந்த வேலைக்கு நேர்காணல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. “எந்த ஊரு? யாரு பொண்ணு? கம்ப்யூட்டர் தெரியுமா?” என்று மூன்று கேள்வி, நாளைக்கே வரச் சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாமல் நீங்களும் கேளுங்கள். கோபமாக வேண்டாம். “அண்ணே, வீட்டுல கேப்பாங்க, அதான்” என்று சொல்லிக் கேட்டால் யாரும் தப்பாக எடுப்பதில்லை.

சம்பளம் எந்தத் தேதி, கையிலா வங்கியிலா? அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வங்கியில் போடுவதே நல்லது. பின்னால் தகராறு வந்தால் பாஸ்புக்கே பேசும். லீவு வாரம் ஒன்றா, மாதம் இரண்டா? “லீவு போடாம வந்தா மாசக் கடைசில இன்சென்டிவ்” என்று சொல்கிற கடைகள் நிறைய. அந்த இன்சென்டிவ் எவ்வளவு என்று கேட்டு, உங்கள் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல இடங்களில் கூலியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பில்லிங் என்று எடுத்துவிட்டுப் பேக்கிங்கிலும் குடோனிலும் விடுவார்களா? பேக்கிங் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூட்டையிலிருந்து வரமிளகாயையும் மல்லியையும் அள்ளிக் கால் கிலோ, அரைக் கிலோவாகப் பொட்டலம் போடும் வேலையில் ஒரு வாரம் இருந்தால் தெரியும். மூக்கும் கண்ணும் எரிந்து, ராத்திரி குழந்தையைத் தொட பயமாக இருக்கும். மாஸ்க்கும் கையுறையும் கடையில் தருவார்களா என்று கேளுங்கள்.

கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். ‘பக்கத்து ஹோட்டல்ல போயிக்கலாம்’ என்று சொல்லும் கடையில் சேர்ந்தால், ஒரு மாதத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவீர்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் தானாக வரும். என்னோடு வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் மாத்திரைச் சீட்டை பர்ஸிலேயே வைத்திருந்தார்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். ஆதார் அட்டையும் அப்படித்தான். ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால் அங்கே ஒரு நாள்கூட நிற்காதீர்கள். ஆடி மாதத்தில் ‘தீபாவளி அட்வான்ஸ்’ என்று பத்தாயிரம், இருபதாயிரம் கொடுப்பார்கள்; வீட்டு நிலைமைக்கு அது உதவியாகத் தெரியும். அதை வாங்கிவிட்டால் தை வரைக்கும் அந்தக் கடையை விட்டு நகர முடியாது, எதையும் எதிர்த்துக் கேட்கவும் முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

கேஷ் ஷார்ட்

சம்பளம் ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி ஒழுகுவது இங்கேதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராத்திரி ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கடைசி வாடிக்கையாளர் தயிர் பாக்கெட்டோடு குனிந்து வெளியே போவார். கம்ப்யூட்டரில் அன்றைய பில் தொகை, கார்டு, யு.பி.ஐ., ரொக்கம் என்று தனித்தனியாக வரும். நீங்கள் கல்லாவைக் கவிழ்த்து நோட்டைப் பிரித்து எண்ணுவீர்கள். ஐந்நூறு, இருநூறு, நூறு, அப்புறம் கசங்கிய பத்து ரூபாய்கள். சில்லறையைக் குவித்து விரலால் ஐந்து ஐந்தாகத் தள்ளுவீர்கள். கம்ப்யூட்டர் 14,260 என்கிறது, கையில் 13,890. 370 ரூபாய் ஷார்ட். மறுபடி எண்ணினாலும் அதே. சூப்பர்வைசர் ஒரு நோட்டை எடுத்து உங்கள் பெயருக்கு நேராக 370 என்று எழுதிவிடுவார். அந்த ஒரு நாள் கூலியே போயிற்று.

இது திருட்டால் வருவது அபூர்வம். பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். வாடிக்கையாளர் போனில் ‘பணம் அனுப்பிட்டேன்’ என்று காட்டிவிட்டுப் போயிருப்பார், பணம் வந்திருக்காது. சாப்பாட்டுக்குப் போனபோது வேறொருவர் உங்கள் லாகினிலேயே உட்கார்ந்து பில் போட்டிருப்பார். முதலாளியே அவசரத்துக்குக் கல்லாவிலிருந்து ஐந்நூறு எடுத்துக்கொண்டு போய் டீ, லோடு கூலி கொடுத்திருப்பார். சாமானைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு பில்லைக் கேன்சல் செய்ய மறந்திருப்பார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலையில் கல்லாவில் வைக்கும் சில்லறையை இன்னொருவர் முன்னால் எண்ணி, உங்கள் நோட்டில் எழுதி, அவரிடம் ஒரு சுழி வாங்குங்கள். எழுந்து போகும்போதெல்லாம் லாகினை மூடுங்கள். “ரெண்டே நிமிஷம்தானே” என்றாலும் மூடுங்கள். யு.பி.ஐ. என்றால் வாடிக்கையாளர் போனைப் பார்க்காதீர்கள், ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொல்லும்வரை பையை நகர்த்தாதீர்கள். கல்லாவிலிருந்து யார் பணம் எடுத்தாலும், முதலாளி என்றாலும், ஒரு துண்டுச் சீட்டில் தொகை, நேரம் எழுதி உள்ளே போடுங்கள். “அண்ணே, ராத்திரி எனக்குக் கணக்கு இடிக்கும்” என்றால் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஐந்நூறு ரூபாய் நோட்டு வாங்கினால் மீதி கொடுக்கும்வரை அதைக் கல்லாவுக்குள் போடாமல் மேலே வையுங்கள். “நான் ஐந்நூறு குடுத்தேன், நீ நூறுக்குச் சில்லறை குடுத்த” என்ற சண்டை பாதி குறையும்.

இவ்வளவும் செய்தும் ஷார்ட் வந்தால்? உங்களை விசாரிக்காமல், விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் பொறுப்பில் இருந்த பணம் உங்கள் கவனக்குறைவால் போயிற்று என்று காட்ட வேண்டும். போனதற்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. ரேக்கில் காணாமல் போன சாமானை எல்லாருக்கும் பங்கு போட்டுப் பிடிப்பது இன்னும் அநியாயம். கடை நிறைய கேமரா வைத்திருப்பவர்கள், அதைப் போட்டுப் பார்க்காமல் பேக்கிங் பெண்ணின் சம்பளத்தில் ஷாம்பு பாட்டிலுக்குப் பிடிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதற்குத்தான்.

லேட் ஃபைனும் இதே கதைதான். பத்து நிமிடம் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் வெட்டும் கடைகள் உண்டு. வராத நேரத்துக்கு உரியதை மட்டுமே பிடிக்கலாம். பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடக் காசு. அபராதம் என்று தனியாகப் போட்டாலும் அது மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 9,000-க்கு 270 ரூபாய். இரண்டு நாள் அரை நாள் வெட்டினாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிற்பது

காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. கேரளத்தில் 2018-இல் கொண்டுவந்தார்கள். இங்கே 2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும். அவ்வளவு எளிமையான சட்டம்.

நடைமுறை வேறு மாதிரி. கடையில் ஸ்டூல் இருக்கும், ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் ‘கவுன்ட்டர் 2 என்ன ரெஸ்ட்டா?’ என்று செய்தி வரும். தனியாக ஒருத்தி உட்கார்ந்தால்தான் அது சோம்பேறித்தனமாகத் தெரியும். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலரை வரைக்கும் முறை போட்டு உட்காருங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் ஆரம்பித்தோம். கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. மூன்று பேராவது சேர்ந்து செய்வதை முதலாளிகள் சட்டென்று தடுக்க மாட்டார்கள்.

காலில் நரம்பு சுருண்டு புடைத்துத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிக்கும்வரை பொறுக்காதீர்கள். தட்டையான ரப்பர்ச் செருப்பைவிடக் கொஞ்சம் மெத்தென்ற செருப்பு வாங்குவது வீண் செலவு இல்லை.

இரவு நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு ஆணை வந்தது, பின்னால் நீட்டித்தார்கள். அந்த அனுமதியோடு நிபந்தனைகளும் இருக்கின்றன. சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் கொடுக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் போட வேண்டும். யாருக்கு எந்த நாள் லீவு என்பதைக் கடையில் ஒட்ட வேண்டும். கடை சுவரில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், பிடித்த பணம், என்ன காரணம். தினமும் பஸ்ஸில் ஏறியதும் எழுதிவிடுங்கள். கடை வருகைப் பதிவேட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 முதல் 7 வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது உண்டு. உங்கள் நோட்டில் உண்மையான நேரம் இருக்கட்டும். கிளம்பும்போது வீட்டுக்கு ‘கெளம்பிட்டேன்’ என்று வாட்ஸ்அப் அனுப்புவீர்கள் அல்லவா, அதை அழிக்காதீர்கள். நேரத்தோடு பதிவான சாட்சி அது. சூப்பர்வைசர் ‘நாளைக்கு 8 மணிக்கே வரணும்’ என்று குழுவில் போடுவதையும் எடுத்து வையுங்கள்.

தேசிய விடுமுறை நாட்களைத் தனியாகக் குறியுங்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலும் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலைக்கு வந்தால் இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. மற்ற நாட்களில் கண்டும் காணாமல் இருந்தாலும், இந்த நாலு நாளும் தொழிலாளர் துறையினர் கடை கடையாகப் போய்ச் சோதிப்பார்கள். மறுநாள் பேப்பரில் ‘விடுமுறை அளிக்காத நிறுவனங்கள் மீது நடவடிக்கை’ என்று செய்தி வரும், பார்த்திருப்பீர்கள்.

இ.எஸ்.ஐ., பி.எஃப்.

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு, இருபது பேர் இருந்தால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி. அதனால்தான் சில கடைகளில் பத்தொன்பதாவது ஆளுக்குப் பிறகு எல்லோரும் ‘பார்ட் டைம்’ ஆகிவிடுகிறார்கள், அல்லது ஒரே கூரைக்குக் கீழே காய்கறிப் பிரிவு மட்டும் மைத்துனர் பெயரில் தனிக் கடை ஆகிவிடுகிறது.

மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடமிருந்து 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 9,000-க்கு உங்கள் பங்கு 68 ரூபாய்க்குள்தான். “அந்தக் காசைப் பிடிக்காதீங்கண்ணே” என்று நம் பெண்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த 68 ரூபாய்க்குக் குடும்பத்துக்கே மருத்துவம், உடம்பு முடியாமல் லீவு போட்டால் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம். தகுதிக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. அதனால் சேர்ந்த மாதத்திலிருந்தே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பி.எஃப். உங்களிடம் 12 சதவீதம், முதலாளியிடம் 12 சதவீதம். பிடிப்பார்கள், கட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி. யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி உங்கள் போன் எண்ணை இணைத்துவிட்டு, 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். இருப்பு எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். மாதம் ஒரு தடவை பாருங்கள். இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் அப்போதே கேளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் கடையின் பெயர்ப்பலகையே மாறியிருக்கும்.

ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் மளிகைக் கடை என்றால் இவை இரண்டும் கிடையாது. அங்கே அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். நியாயமாகச் சொன்னால், சின்னக் கடைக்காரர் நிலைமையும் சுகமாக இல்லை. கடைவீதி வாடகை, கரண்ட் பில், போதாததற்குப் போனிலேயே சாமான் விற்கும் ஆப்புகள். ஆனால் அங்கே முதலாளியும் உங்களோடு நின்று பொட்டலம் போடுவார். வாயால் பேசிச் சரிசெய்ய முடியும். எட்டு மணிக்கு மேல் முடியாது என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

சம்பளம் கூட்டிக் கேட்க நல்ல மாதம்

புரட்டாசி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் அப்போதுதான் கிராமத்துக்குள் வர ஆரம்பிக்கும். அடுத்து ஐப்பசி, தீபாவளி. முதலாளி ஸ்டாக் இறக்கிக்கொண்டிருப்பார், ஆள் பற்றாது. அதே நேரம் சம்பா நடவுக்கு ஆள் கேட்டு ஊரில் அலைவார்கள். வயலுக்குப் போனால் அன்றாடம் கைமேல் கூலி. கடையை விட்டுப் போக உங்களுக்கு வேறு வழி இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். தீபாவளி முடிந்து கார்த்திகையில் கேட்டால், “யாவாரமே இல்லம்மா” என்பார். அதுவும் பொய்யாக இருக்காது.

தனியாகப் போகாதீர்கள். கவுன்ட்டர் பெண்கள் நாலு பேரும் ஒன்றாக, கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். தொகையைச் சொல்லிக் கேளுங்கள். “ஏதாவது பாத்துப் பண்ணுங்க” என்றால் இருநூறு ரூபாயும் ஒரு சேலையும்தான் வரும். சம்பளத்தைக் கூட்ட மாட்டேன் என்றால் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒன்பதரை ஷட்டரை எட்டாக்கிக்கொண்டால் மணிக்கு 31 ரூபாய் 36 ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது, அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகாமல். முறை போட்டு இரண்டு பேர் முன்னால் கிளம்புவது, இரண்டு பேர் பின்னால் வருவது என்று நீங்களே திட்டம் போட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நானும் மூன்று பேரும் அப்படித்தான் எட்டு மணி வாங்கினோம்.

புகார் கொடுப்பதென்றால்

மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கப் பிரிவு என்று ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே துணை ஆய்வாளர், உதவி ஆய்வாளர். தராசுக்கு முத்திரை இருக்கிறதா, எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கிறார்களா என்று பார்க்க வருகிறார்களே, அதே துறைதான். கடைக்காரர்கள் இவர்களுக்குப் பயப்படுவார்கள்.

மனுவில் கதை வேண்டாம். கடை பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், வேலை நேரம், சம்பளம், பிடித்தம், எந்தத் தேதியிலிருந்து. நோட்டின் ஜெராக்ஸை இணைத்துவிடுங்கள். உங்கள் பெயரைக் கடைக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். நேராகப் போகத் தயங்கினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள்; மனுவுக்கு எண் கிடைக்கும், துறைக்குப் போய்விடும். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்தும் பதியலாம். வழக்கு வரை போக வேண்டியிருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், எண் 15100.

முதலாளியோ சூப்பர்வைசரோ கையைப் பிடிப்பது, குடோனுக்குத் தனியாகக் கூப்பிடுவது, ராத்திரி போன் பண்ணுவது என்று ஆரம்பித்தால் அது வேறு புகார். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அல்லது முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181. வீட்டில் சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களே என்று பல பெண்கள் மறைக்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் கூட வேலை பார்க்கும் மூத்த அக்காவிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

விலகும்போது

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது ஒரு மாதச் சம்பளம். “நாளையிலேருந்து வர வேணாம்” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். நீங்களாக விலகினாலும் அவர்களாக நிறுத்தினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அப்படித்தான் இருக்கிறது. “அடுத்த மாசம் பத்தாம் தேதி வா” என்று அலையவிடுவது பழைய பழக்கம்.

பத்துப் பேராவது இருக்கும் கடையில் ஐந்து வருடம் முடித்தவர்கள் பணிக்கொடையை விட்டுவிடாதீர்கள். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். 10,400 ரூபாய் என்றால் வருடத்துக்கு 6,000. ஆறு வருடத்துக்கு 36,000. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், கல்யாணம் ஆகிறது என்று ஒரு குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு போன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் கடையில் வாங்க வேண்டியவை: சம்பளப் பாக்கி, அனுபவச் சான்று, பி.எஃப். கணக்கில் விலகிய தேதி. அந்தத் தேதியைக் கடைக்காரர் பதியாமல் விட்டுவிட்டால் பணம் எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் பி.எஃப். தளத்தில் நீங்களே அதைப் பதியலாம். ஆதாரோடு இணைத்த போன் கையில் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.